ஆட்டோமேடிக் கியர் லேட்டாக விழுகிறதா? எப்போது, எந்த கியரில் என்று முதலில் பாருங்கள்

"கியர் லேட்டா விழுது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. லீவரை டி-யில் (டிரைவ், முன்னே போகும் நிலை) போட்ட பிறகும் வண்டி ஒன்றிரண்டு நொடி சும்மா நிற்பது ஒன்று. ஓடும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் இன்ஜின் கத்திக்கொண்டே போவது இன்னொன்று. கியர் மாறும்போது நடுவில் பிடி விட்டு, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஒரு துள்ளு துள்ளி, அப்புறம் பிடிப்பது மூன்றாவது. முந்துவதற்காக அழுத்தி மிதித்தும் கியர் இறங்காமல் யோசித்துக்கொண்டு நிற்பது நாலாவது. நான்குக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. மெக்கானிக்கிடம் போகும் முன் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் சீட்டுக்கடியில் 'டொக்' என்று ஒரு இடி, அதன் பிறகுதான் வண்டி நகரும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்ததோடு சரி, "பெட்டியை இறக்கணும், கிளட்ச் போயிடுச்சு" என்றார்கள். பெட்டி என்றால் கியர்பாக்ஸ்; அதன் ஆயில் அளவை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் நானே அடியில் எட்டிப் பார்த்தேன். கியர் ஆயிலை ஆறவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் ஹோஸின் நுனியில், கிளிப்பைச் சுற்றி, சிவப்பாக ஈரம். அதில் புழுதி ஒட்டிச் சேறு மாதிரி ஆகியிருந்தது. கிளிப்பை மாற்றி, குறைந்திருந்த ஒரு லிட்டர் சொச்சம் ஆயிலை ஊற்றியதும் தாமதம் போன இடம் தெரியவில்லை. பெட்டியைத் திறக்கும் பேச்சை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

உள்ளே நடப்பது இதுதான். இன்ஜின் சுற்றும்போது பம்ப் ஒன்று ஆயிலை உறிஞ்சி அழுத்தம் கொடுக்கிறது. வால்வு பாடி என்ற அலுமினியத் தட்டில் குடைந்திருக்கும் வழிகளில் அந்த ஆயில் ஓடுகிறது. எந்த வழி திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சோலினாய்டுகள் (மின்சாரத்தில் திறந்து மூடும் சிறு வால்வுகள்) மூலம் சொல்கிறது. ஆயில் போய் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் கிளட்ச் பிளேட்டுகளை நெருக்க, கியர் விழுகிறது. ஆக தாமதத்துக்குக் காரணம் நான்கில் ஒன்று: ஆயில் வந்து சேர நேரமாகிறது, வந்த ஆயிலுக்கு அழுத்தம் போதவில்லை, உத்தரவே லேட்டாக வருகிறது, அல்லது பிளேட் தேய்ந்துவிட்டது. கடைசி ஒன்றுக்குத்தான் எப்போதுமே பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஆயில்

கியர்பாக்ஸ் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறையும் பொருள் அல்ல. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். கூலர் ஹோஸ், பான் (பெட்டியின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு) கேஸ்கெட், ஆக்சில் சீல், இன்ஜினும் பெட்டியும் சேரும் இடத்தில் இருக்கும் பம்ப் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள். இரவு வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தால், சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பது காலையில் தெரியும்.

ஆயில் அளவு காட்டும் ஸ்டிக் (கம்பி) இருக்கும் வண்டியில் பார்க்கும் முறை: பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நொடி நிறுத்தி பி-க்கு (பார்க்கிங்) கொண்டுவாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக்கை எடுக்க வேண்டும். ஹோண்டாவில் அப்படி இல்லை. சூடான இன்ஜினை அணைத்து 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் பார்த்து, 'குறைவு' என்று நினைத்து ஊற்றித் தொலைத்தவர்கள் நிறைய. ஆயில் சூட்டில் விரியும், அதனால்தான் ஸ்டிக்கில் 'ஹாட்', 'கோல்ட்' என இரண்டு கோடுகள். சூடான வண்டிக்கு கோல்ட் கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஸ்டிக்கே இல்லாத பெட்டிகள் இப்போது அதிகம். அவற்றில் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு செக் பிளக் இருக்கும். வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி, இன்ஜின் ஓட, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில் ஆயிலின் சூட்டைப் பார்த்து, கம்பெனி சொல்லும் அளவுக்கு வந்ததும் அந்தப் பிளக்கைத் திறக்க வேண்டும். பல பெட்டிகளுக்கு அது 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மெல்லிய நூல் போல ஒழுகினால் அளவு சரி. அதிகச் சூட்டில் பார்த்தால் விரிந்த ஆயில் வழிந்து, அளவு சரி என்று பொய் சொல்லும். ஆறியதும் பெட்டி பட்டினி. ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது. லிஃப்ட் இல்லாவிட்டால் இந்த ஒரு வேலையை மட்டும் வெளியில் கொடுத்துவிடுங்கள்.

அளவு கூடினாலும் கோளாறுதான். சுழலும் பாகங்கள் ஆயிலை மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் இருப்பது காற்று, காற்று அமுங்கும். அழுத்தம் இறங்கி, குறைவாக ஊற்றிய வண்டியில் வரும் அதே தாமதம் இதிலும் வரும்.

அளவுக்கு அடுத்தது நிறம். ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். நல்ல ஆயில் சிவந்த வட்டமாக ஒரே சீராகப் பரவும். வயதானது பழுப்பாகப் பரவும், அதற்காகப் பதற வேண்டாம், மாற்றும் நேரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் கறுப்புப் பொட்டு அப்படியே நின்று ஓரத்தில் மட்டும் லேசாக ஈரம் பரவினால் அதில் பிளேட்டின் தூள் கலந்திருக்கிறது. மூக்கருகில் கொண்டுபோனால் கருகிய வாடை அடிக்கும். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் ஆயில் மாற்றி மட்டும் பிழைக்க வைக்க முடியும் என்று எண்ண வேண்டாம்.

ரோஸ் மில்க் போலக் கலங்கியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்வதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குள்ளேயே ஆயில் கூலர் வைத்திருக்கும் வண்டிகளில், உள்ளே ஓட்டை விழுந்து கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பட்டையைப் பிடித்திருக்கும் பசையை கூலன்ட் இளக்கிவிடும். பட்டை உரிந்து வந்தபின் கழுவி விடுவதால் பயனில்லை.

ஊற்றும் ஆயிலின் வகையில் கஞ்சத்தனம் வேண்டாம். டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹோண்டாவின் டிடபிள்யூ-1 எல்லாமே சிவப்பாகவோ அதை ஒட்டியோ இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. சிவிடி (படிப்படியான கியர் இல்லாத பெட்டி) ஆயிலோ முற்றிலும் வேறு ஜாதி. கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அது.

அப்புறம் ஸ்கேனர், விளக்கு எரியாவிட்டாலும்

இன்ஜின் விளக்கு எரியாமலேயே கம்ப்யூட்டரில் 'கோடு'கள் (code, கோளாறைக் குறிக்கும் எண்கள்) சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் மலிவான ஸ்கேனர்கள் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும்தான் படிக்கும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கக்கூடியது வேண்டும். பி 0700 மட்டும் வந்தால் அது கோளாறின் பெயர் அல்ல, 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் விஷயம் இருக்கிறது, அங்கே போய்க் கேள்' என்ற சீட்டு. பி 0750-இல் தொடங்கும் வரிசை ஷிஃப்ட் சோலினாய்டுகளைச் சொல்லும். பி 0715 உள்ளே வரும் வேகத்தின் சென்சார், பி 0720 வெளியே போகும் வேகத்தின் சென்சார். பி 0731 முதல் 0735 வரை முறையே முதல் கியரிலிருந்து ஐந்தாவது வரை விகிதம் சரியாக வரவில்லை என்பது, அதாவது அந்த கியரில் ஏதோ நழுவுகிறது.

கோடு ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னதும் அந்தப் பாகத்தை வாங்கி மாட்டுவது வழக்கமான தப்பு. சோலினாய்டு கோடு வந்தால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஊறியிருக்கிறதா, அதன் உலோகப் பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா? பிறகு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். உதாரணமாக, டொயோட்டாவின் பல பெட்டிகளில் ஆன்-ஆஃப் வகை சோலினாய்டு 20 டிகிரி செல்சியஸில் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லீனியர் வகை 5 ஓம் சொச்சம். மீட்டரில் சரியாக இருக்கும் சோலினாய்டு உள்ளே அழுக்கில் சிக்கி அசையாமல் இருக்கவும் வாய்ப்புண்டு, அது வேறு கதை.

பேட்டரி சோர்ந்திருந்தாலும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் இந்தக் கம்ப்யூட்டர்கள் உளறும். சம்பந்தமே இல்லாத ஐந்தாறு கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் எனக்குச் சந்தேகம் முதலில் பேட்டரி மேல்தான் போகும்.

தாமதத்தை அளப்பது எப்படி

'கொஞ்ச நேரம்' என்பதை நொடிக்கணக்கில் சொன்னால்தான் பேச்சு நகரும். பெட்டி சூடாக இருக்க வேண்டும், ஆயில் 50 முதல் 80 டிகிரிக்குள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி, ஏசியை அணைத்து, ஐடிலிங்கில் விடுங்கள். என்-இலிருந்து (நியூட்ரல்) டி-க்குத் தள்ளிய கணத்திலிருந்து அந்த லேசான இடி உடம்பில் படும் வரை ஸ்டாப்வாட்சில் அளந்து பாருங்கள். என்-இல் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். பிறகு ரிவர்ஸுக்கும் அதே. டொயோட்டா கையேடுகள் டி-க்கு 1.2 நொடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 நொடிக்குள் என்கின்றன. மற்ற கம்பெனிகளின் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றரை நொடியைத் தாண்டினால் எதுவானாலும் கவனிக்க வேண்டியதுதான்.

டி, ரிவர்ஸ் இரண்டுமே தாமதம் என்றால் இரண்டுக்கும் பொதுவானதைச் சந்தேகியுங்கள்: ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப், மொத்த அழுத்தம். ஒன்று மட்டும் தாமதம் என்றால் அந்த வழியில் இருக்கும் கிளட்சும் சீலும். இந்த ஒரு சோதனையைச் செய்து எழுதிக்கொண்டு போனால் ஒர்க்‌ஷாப்பில் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பிரேக்கை முழுவதும் அழுத்தி, டி-யில் ஆக்சிலேட்டரையும் முழுவதும் மிதித்து, ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஐந்து நொடிக்கு மேல் போனால் ஆயில் கொதித்துவிடும், பிரேக் பிடி விட்டால் வண்டி எதிரில் இருப்பதை இடிக்கும். தெரிந்தவர் செய்யட்டும். நாம் வேண்டாம்.

காலையில் முதல் முறை மட்டும் தாமதம்

இரவு முழுக்க நின்ற வண்டி, முதல் தடவை டி போட்டால் தாமதம், அதன் பிறகு நாள் முழுக்கச் சரி. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்க வேண்டிய ஆயில் இரவில் மெல்லக் கீழே பானுக்கு இறங்கிவிட்டது, காலையில் பம்ப் அதை மறுபடி நிரப்பிய பிறகே அழுத்தம் வருகிறது. ஆயில் இறங்காமல் தடுக்கும் செக் வால்வோ உள் சீலோ தேய்ந்திருக்கும்.

உறுதிப்படுத்த எளிய வழி: காலையில் ஸ்டார்ட் செய்து பி-யிலேயே அரை நிமிடம் விடுங்கள். இப்போது டி போட்டால் உடனே விழுகிறதா? அப்படியானால் வடிந்து போவதுதான் காரணம். ஒன்றிரண்டு நொடி தாமதத்துக்காகப் பெட்டியைத் திறக்க நான் சொல்ல மாட்டேன், அந்த அரை நிமிடம் காத்திருப்பதே போதும். கியர் விழாமல் இருக்கும்போது பொறுமை இழந்து ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் ஆபத்து. உறுமிக்கொண்டிருக்கும் இன்ஜினோடு கிளட்ச் திடீரென்று பிடித்தால் பிளேட் அந்த இடத்திலேயே கருகும்.

ஆறியிருக்கும்போது மோசம், சூடானதும் சரி

முன்னதைப் போலவே தெரிந்தாலும் இது வேறு. இங்கே முதல் முறை மட்டுமல்ல, சூடேறும் வரை ஒவ்வொரு முறையும் தாமதம். கிளட்ச் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் வயதாகிக் கெட்டித்துப் போயிருக்கும். ஆறியபோது சுருங்கி, ஓரத்தில் ஆயிலைக் கசியவிடும். சூட்டில் இளகி மறுபடி அடைத்துக்கொள்ளும். ஆயில் பழையதாக இருந்தால் மாற்றிப் பார்க்கலாம், சில வண்டிகளில் நல்ல மாற்றம் தெரியும். சீலை இளக்கும் என்று சொல்லி விற்கும் திரவங்கள் சில மாதம் தள்ளிப்போடும், ரப்பரை அளவுக்கு மீறி ஊதவைக்கவும் செய்யும். விற்கப் போகும் வண்டிக்குத்தான் அதெல்லாம் என்பது என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கை: ஆறிய இன்ஜினில் மேல் கியர் கொஞ்சம் லேட்டாக ஏறுவது பல வண்டிகளில் வேண்டுமென்றே செய்திருப்பது. புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க இன்ஜினை அதிக ஆர்பிஎம்மில் வைத்திருப்பார்கள். முதல் சில நிமிடங்களுக்குள் சரியாகிவிட்டால் அது கோளாறு அல்ல.

சூடானதும் மோசம்

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ஆயில் சூடானதும் நீர்த்துப் போகும், தேய்ந்த இடத்தில் எல்லாம் அழுத்தம் ஒழுகிப் போகும். அரை மணி நேரம் நன்றாக ஓடி, நெரிசலில் மாட்டியதும் தாமதமும் நழுவலும் தொடங்கினால் இந்த வகை.

முதல் சந்தேகம் ஃபில்டர். அடைத்த ஃபில்டரின் வழியாக பம்ப் உறிஞ்சும்போது மெல்லிய ஊளைச் சத்தம் வரும், ஆர்பிஎம்மோடு அது ஏறி இறங்கும். என்-இலும் கேட்கும் என்பதால் வீல் பேரிங் சத்தத்திலிருந்து பிரித்துவிடலாம். அடுத்து கூலர். ரேடியேட்டர் முன்னால் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா, கூலர் ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வால்வு பாடி. அலுமினியத் துளைக்குள் வால்வு ஆயிரக்கணக்கான முறை ஓடி ஓடி ஓட்டையை அகலமாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் சூடான ஆயில் நழுவிவிடும்.

இவற்றைப் பிரித்தறிய அழுத்தத்தை அளப்பதுதான் நேர்வழி. பெட்டியின் மேல் ஒரு சிறு பிளக் இருக்கும், அதில் கேஜ் மாட்டி, ஆறியபோதும் சூட்டிலும், டி-யிலும் ரிவர்ஸிலும் படிக்க வேண்டும். ரிவர்ஸில் அழுத்தம் டி-யைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆறியபோது சரியாக இருந்து சூட்டில் எல்லா கியரிலும் இறங்கினால் பம்போ ஃபில்டரோ. கேஜ் சரியாகக் காட்டியும் கியர் நழுவினால் அந்த கிளட்ச்தான். கேஜ் மாட்டாமல் 'ஓவர்ஹால்' என்று சொல்பவரிடம் எண்ணைக் கேளுங்கள்.

ரிவர்ஸ் மட்டும் தாமதம்

பல பெட்டிகளில் ரிவர்ஸ் கிளட்சின் பிஸ்டன் பெரியது, நிரப்ப அதிக ஆயில் வேண்டும். அதனால் அளவு கொஞ்சம் குறைந்தாலும் முதலில் முனகுவது ரிவர்ஸ்தான். அளவு சரியென்றால் அந்த பிஸ்டனின் சீல் அல்லது பிளேட்.

டி-யில் தாமதம், எல்-இல் (லோ கியர்) உடனே பிடிக்கிறது

பழைய மூன்று, நான்கு கியர் பெட்டிகளில் இது நல்ல துப்பு. டி-யில் முதல் கியர் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒன்-வே கிளட்சை நம்பியிருக்கும். லீவரை எல்-இல் வைத்தால் கூடவே இன்னொரு பிரேக் பிடிக்கும். எல்-இல் சரி, டி-யில் நழுவல் என்றால் ஒன்-வே கிளட்ச் பழுது.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: லீவரின் கேபிள். கேபிள் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் உடைந்திருந்தால், நீங்கள் டி-யில் வைத்தாலும் பெட்டியில் உள்ள கை டி-க்கும் என்-க்கும் நடுவில் நிற்கும். லீவரை டி-யிலேயே வைத்து லேசாக முன்னும் பின்னும் அழுத்திப் பாருங்கள். அந்த அழுத்தலில் கியர் பிடித்தால் கோளாறு வெளியே இருக்கிறது. மீட்டரில் 'டி' விளக்கு மினுக்கினாலும் இதே சந்தேகம்தான்.

ஓடும்போது மேல் கியர் லேட்டாக ஏறுகிறது

டி, ரிவர்ஸ் இரண்டும் சட்டென்று விழுகின்றன, ஏறும் கியர் மட்டும் லேட், ஆனால் ஏறும்போது சுத்தமாக ஏறுகிறது என்றால் பெட்டியை விட்டுவிட்டு இன்ஜின் பக்கம் திரும்புங்கள். எப்போது ஏற வேண்டும் என்பதை மூன்று தகவல்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது: வண்டியின் வேகம், உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது, இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது. இவற்றில் ஒன்று பொய் சொன்னாலும் கியர் தப்பான நேரத்தில் ஏறும்.

அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் உள்ளே போகும் காற்றைத் தவறாகக் காட்டும். அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயில் கழுவலாம், பிரேக் கிளீனரும் துணியும் மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பி முடியைவிட மெல்லியது. த்ராட்டில் சென்சாரை ஸ்கேனரில் நேரடியாகப் பாருங்கள். காலை மெதுவாக அழுத்தும்போது எண் படிப்படியாக ஏற வேண்டும், நடுவில் குதித்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது.

அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத ஒன்று கூலன்ட் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. 'இன்னும் ஆறித்தான் இருக்கிறது' என்று நம்பிய கம்ப்யூட்டர் கடைசி கியரையும் டார்க் கன்வெர்ட்டர் லாக்கையும் கொடுக்காமல் வைத்திருக்கும். பி 0128 கோடு வந்தாலோ, நெடுஞ்சாலையில் சூட்டு முள் கீழேயே கிடந்தாலோ ஒரு சின்ன தெர்மோஸ்டாட் மாற்றுவதோடு கியர் கோளாறு தீர்ந்துவிடும். கியர்பாக்ஸுக்கு வைத்தியம் பார்க்க வந்து ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றுவது விநோதமாகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியில் இந்த வேலையை த்ராட்டில் கேபிள் செய்யும். கேபிள் இறுகியிருந்தால் லேட்டாக ஏறும், தளர்ந்திருந்தால் சீக்கிரமே வழுக்கலாக ஏறும். வேக்குவம் மாடுலேட்டர் (இன்ஜினின் உறிஞ்சலை வைத்துக் கியர் ஏறும் நேரத்தை மாற்றும் பாகம்) இருந்தால் அதன் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே சிவப்பு ஆயில் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்து, இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் வரும்.

கேட்கவே கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்: ஸ்போர்ட் மோட் போட்டு வைத்திருக்கிறதா? 'ஓ/டி ஆஃப்' (ஓவர்டிரைவ், அதாவது கடைசி கியர், கிடையாது) விளக்கு எரிகிறதா? லீவர் பக்கத்தில் இருக்கும் அந்தப் பொத்தான் கைபட்டு அமுங்குவது சகஜம்.

மாறும்போது நடுவில் பிடி விட்டு ஆர்பிஎம் துள்ளுகிறது

இதை எத்தனை நாள் தள்ளிப்போடுகிறீர்களோ அத்தனை நாளும் பிளேட் தேய்கிறது. ஒரு கிளட்ச் விட்டு இன்னொன்று பிடிக்க வேண்டிய கணத்தில், பிடிக்க வேண்டியது லேட்டாகிறது. முள் 2000-இலிருந்து 2600-க்குத் தாவி மீண்டும் இறங்கும், முதுகில் ஒரு தள்ளல். எந்த மாற்றத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் 2-3-இல் மட்டும் என்றால் மூன்றாவது கியருக்கான கிளட்ச், அதன் சீல், அல்லது அந்த வழியில் அதிர்ச்சியைத் தாங்கும் அக்யூமுலேட்டர் பிஸ்டன். எல்லா மாற்றத்திலும் என்றால் மொத்த அழுத்தம், அதைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு.

பானைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். விரலில் எடுத்துத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் மை போல வழவழப்பாக இருக்கும் படிவு வழக்கமானது. நெருடும் சிராய், ஊசி போன்ற துண்டு, மஞ்சளாகப் பித்தளைச் சில்லு, பானின் அடியில் காபித்தூள் போலக் கறுப்பு வண்டல் இருந்தால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். இதுவரை தள்ளிவைத்த அந்த வேலைக்கு இப்போது சாட்சி கையில் இருக்கிறது.

திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டது

கிளம்ப மந்தம், மேலே ஏறவில்லை, கீழேயும் வரவில்லை. இது தற்காப்பு நிலை. ஏதோ ஒரு மின் கோளாறைப் பார்த்த கம்ப்யூட்டர், நடுவில் உள்ள ஏதோ ஒரு கியரில் பூட்டிவிட்டு 'இப்படியே வீடு போய்ச் சேர்' என்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுவதும் உண்டு, மீண்டும் வரும். கோடு கட்டாயம் இருக்கும், அழிக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்.

மிதித்தும் இறங்கவில்லை

எட்டு, ஒன்பது கியர் பெட்டிகளில் எட்டிலிருந்து நாலுக்குத் தாவும்போது அரை நொடி யோசிப்பது இயல்பு. பெடலின் அடியில் ஒரு தடங்கல் தெரியும் வண்டிகளில் அதையும் தாண்டி அழுத்தினால்தான் முழு இறக்கம் கிடைக்கும், கனமான தரைவிரிப்பு அதைத் தடுக்கும். விரிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் மந்தம் என்றால், கியர் இறங்கியும் இழுவை இல்லையா என்று ஆர்பிஎம்மைப் பார்த்துச் சொல்லுங்கள். முள் ஏறியும் வண்டி இழுக்காவிட்டால் இன்ஜினோ, அடைத்த புகைக்குழாயோ, நழுவும் கிளட்சோ. முள்ளே ஏறவில்லை என்றால்தான் கியர் இறங்கவில்லை.

ஆயில் மாற்றிய பிறகு வந்த தாமதம்

நேற்றுவரை நன்றாக இருந்தது, மாற்றியதும் கெட்டது என்றால் ஆயில் வகை, ஆயில் அளவு, ஃபில்டரின் ஓ-ரிங், இந்த வரிசையில் பாருங்கள். பழைய ஃபில்டரின் ஓ-ரிங் பெட்டியின் துளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேல் புதியதை அழுத்திவிடுவார்கள். ஃபில்டர் சரியாக உட்காராமல் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். கழற்றிப் போட்ட பழைய ஃபில்டரில் ஓ-ரிங் இருக்கிறதா என்று குப்பைத் தொட்டியில் பார்த்தாலே போதும்.

வடித்து ஊற்றும்போது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும். மிகப் பழைய ஆயில் என்றால் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுவதை நான் விரும்புவேன். மெஷின் வைத்து அழுத்திக் கழுவுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஏற்கெனவே கருகிய வாடையோடு நழுவும் பெட்டியில் ஆயிலை மாற்றி, இரண்டு வாரத்தில் அது நின்று போனால் பழி ஆயில் மேல் விழும். பிளேட் அதற்கு முன்பே போயிருந்தது.

சிவிடி, ஏஎம்டி, டிசிடி வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. சிவிடியில் படிப்படியான கியரே கிடையாது, இன்ஜின் சத்தம் முன்னே போக வண்டி பின்னால் வரும் அந்த ரப்பர் உணர்வு அதன் குணம். ஆனால் டி போட்டுத் தாமதமானால் ஆயிலைப் பார்க்கும் முறை இதேதான். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பெட்டிக்கு ஒரு இயந்திரக் கை வைத்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு இடைவெளி இருக்கத்தான் செய்யும். முன்பைவிட அது நீண்டிருந்தால் கிளட்ச் தேய்வு, கையை இயக்கும் ஆக்சுவேட்டர், அதற்கென்று தனி ஆயில் இருந்தால் அதன் அளவு. டிசிடி என்பது இரண்டு கிளட்ச் வைத்த பெட்டி; அதில் உலர் கிளட்ச் வகை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து சூடானால் தாமதிக்கும், சற்று நிறுத்தி ஆறவிட்டால் திரும்பிவிடும்.

சரிசெய்த பிறகு

ஆயில், சோலினாய்டு, வால்வு பாடி எதை மாற்றினாலும் கம்ப்யூட்டர் பழைய தேய்மானத்துக்கு ஏற்பக் கற்றுவைத்த கணக்கிலேயே கியர் போடும். புதிய பாகத்தோடும் இடியோ தாமதமோ வந்தால் பயப்பட வேண்டாம். ஸ்கேனரில் அந்தக் கற்றலை அழித்துவிட்டு, ஆயில் சூடான பிறகு, காலியான சாலையில் பாதிக்கும் குறைவாக மிதித்து, நின்ற நிலையிலிருந்து மேல் கியர் வரை ஏறி, மெல்லப் பிரேக் பிடித்து நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து முறை இப்படி. கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும், கையேட்டில் தனியாக இருந்தால் அதையே செய்யுங்கள். முதல் நான்கைந்து முறை கரடுமுரடாகத்தான் இருக்கும். அது முடிந்ததும் அதே ஸ்டாப்வாட்சை எடுத்து என்-இலிருந்து டி-க்கும் ரிவர்ஸுக்கும் மறுபடி அளந்து, முதலில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.